வாத்தியார் கையும் கொக்கிப் புரதமும்

ஜனவரி 11

வாத்தியாருக்கு என்மேல் ஏதோ கோபம். என்ன என்றுதான் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அரைகுறையாகப் பேசுகிறார். டீ வேண்டுமா என்றால் தலையை ஆட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் என்ன விசேஷம் என்றால் கையை லேசாகத் தூக்கிக் கீழே போட்டுவிடுகிறார்.

மற்ற வீடுகளில் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அடுத்த அறையில் இருந்துகொண்டு அங்கிருந்தே இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம். இங்கே அது நடக்காது. என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்குக் காது கேட்கும், ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்கக் கையிலும் முகத்திலும்தான். கைப்பேச்சில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று சொல்வதற்கே இரண்டு கையும் தோளுக்கு மேலே போகும். அப்படிப்பட்ட மனிதர் இடுப்பு உயரத்தில் இரண்டு விரலை மட்டும் ஆட்டினால் நான் என்ன நினைப்பது? முணுமுணுக்கிறார். எனக்குத் தெரியாதா, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி.

நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. நானாகக் கேட்கப் போவதில்லை. அவராகச் சொல்லட்டும்.

ஜனவரி 12

கேட்கவில்லை.

ஜனவரி 13

வாலுதான் போட்டு உடைத்தாள். பெற்ற பெண்ணை இந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறோம், கல்லூரிக்குப் போகிற வயதாகியும்.

"அம்மா, அப்பாவுக்குக் கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. கை வலிக்குது. காலையில சட்டை பட்டன் நான்தான் போட்டுவிடறேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அவருக்கு முடக்குவாதம் வந்து சில வருடங்கள் ஆகிறது. மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. நான் யார்? நாள் முழுக்க ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து, முடக்குவாதம் வந்த மூட்டுகளிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்ப்பவள். ஊரார் மூட்டெல்லாம் எனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிற மணிக்கட்டு வீங்கியிருப்பது தெரியவில்லை. கோபமாம், கோபம்!

வெந்நீர் வைத்து அவர் கைகளை அதில் இறக்கிவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, கை தண்ணீரில் இருக்கும்போது அவர் எப்படிப் பதில் சொல்வார்? காத்திருந்தேன். துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "சொன்னா நீ என்னையும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வெச்சிடுவே."

நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். சிரித்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா நிஜமாவே கொஞ்சம் கோபப்பட்டிருப்பேனே. கிடைச்ச சான்ஸு வீணாப் போச்சு."

ஜனவரி 19

மூட்டு டாக்டரிடம் போய் வந்தோம். இளவயதுக்காரர், நல்ல மாதிரி. நான் சைகையில் மொழிபெயர்க்கும்போதும் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினார். அதற்காகவே பிடித்துவிட்டது.

மாத்திரை கேட்கவில்லை, இரண்டு மணிக்கட்டிலும் விரல்களிலும் வீக்கம், இனி மருந்தை மாற்ற வேண்டும் என்றார். எதற்கு மாற்றுவது என்பதில்தான் சிக்கல். "மூட்டுக்குள்ள ரெண்டு விதமா கலாட்டா நடக்கும். ஒண்ணு, ரத்தத்துல இருந்து வெள்ளை அணுக்கள் கூட்டமா உள்ள புகுந்து பண்றது. அதுக்கு நல்ல ஊசி இருக்கு. இன்னொண்ணு, மூட்டோட உள்சவ்வுல இருக்கிற செல்லுங்களே கெட்டுப்போய்ப் பண்றது. அதுக்கு இந்த ஊசி பெரும்பாலும் கேட்காது. வேற மாத்திரை, மெதுவாத்தான் வேலை செய்யும். உங்களுக்கு எதுன்னு சவ்வைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

தப்பான மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று வாத்தியார் கேட்டார்.

"அது கேட்கலைன்னு தெரியவே அரை வருஷம் ஆயிடும் சார். அதுக்குள்ள குருத்தெலும்பு தேஞ்சா திரும்ப வளராது."

இதை மொழிபெயர்க்கும்போது என் கை கொஞ்சம் சுருக்கிவிட்டது. வாத்தியார் கண்டுபிடித்துவிட்டார். "முழுசா சொல்லு," என்றார்.

முழுதாகச் சொன்னேன். சவ்வைப் பார்க்கும் ஆய்வை டாக்டரோடு சேர்ந்து நடத்துவது எங்கள் கூடம்தான்.

ஜனவரி 25

"இத்தனை வருஷமா நீ என்னதான் பண்றே? இப்பவாவது சரியா சொல்லு, என் விஷயம் இது," என்றார். ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம்.

சொன்னேன். மூட்டுக்குள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உறை போல இருக்கிறது. அதில் உள்ள செல்கள் பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் வைத்திருக்கின்றன. செல்லின் மேல் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கொக்கியும் அந்தக் கொக்கியும் மாட்டிக்கொள்வதால்தான் சவ்வு கலையாமல் இருக்கிறது. நல்ல மூட்டில் அது தேவை. நோய் வந்தால் கொக்கிகள் பெருகிவிடும். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தடித்த கூட்டமாகிக் குருத்தெலும்பின் மேல் ஊர்ந்துபோய் அதை அரிக்கும்.

"கை கோத்துக்கிறது தப்பா?" என்றார்.

"கோத்துக்கிட்டு அடுத்த வீட்டுச் சுவரை இடிச்சா தப்புதான்."

ரத்தக் குழாயின் உட்சுவரிலும் வேறுவிதமான ஒட்டுப் புரதங்கள் உண்டு. அவை வாசல்காரர்கள். ஓடுகிற ரத்தத்தில் போகிற வெள்ளை அணுக்களைப் பிடித்து நிறுத்தி உள்ளே விடும். அவர் சவ்வுச் செல்களில் கொக்கி அதிகமாக இருந்தால் உள்ளாள் செய்த வேலை. குறைவாக இருந்தால் வாசல்காரர்கள் விட்ட கூட்டம். அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

இரண்டு சுட்டுவிரல்களையும் கொக்கி மாதிரி மாட்டிக் காட்டி, "இதுக்கு இதான் பேரு, நான் வெச்சாச்சு," என்றார். மாட்டிய விரலைப் பிரிக்கும்போது முகம் சுளித்தது. நான் பார்க்காத மாதிரி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 4

பள்ளித் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல மனுஷி. அடுத்த பருவத்திலிருந்து வாத்தியாரை அலுவலக வேலைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். சம்பளம் அதேதான். வகுப்பு மட்டும் கிடையாது.

ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். ஒரு பெண் குழந்தை வந்து கேட்டதாம், "சார் ஏன் முணுமுணுக்கிறார்? எங்களுக்குப் புரியல."

அவர் கை அவருடைய குரல். அதுதான் போய்க்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து கால அட்டவணை போடுவாரா? போடுவார். சமர்த்தாகப் போடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார்.

பருவம் ஜூலையில் ஆரம்பம். அதற்குள் சொல்கிறோம் என்றேன்.

பிப்ரவரி 12

மணிக்கட்டிலிருந்து ஊசி போட்டுச் சவ்வை எடுத்தார்கள். மரத்துப்போகச் செய்துதான் எடுத்தார்கள். ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நடுவில் எதுவும் பேச முடியாமல் போனது அவருக்குப் பெரிய குறை. வெளியே வந்ததும் இடது கையால் மட்டும் டாக்டரின் மீசையைப் பற்றி நீளமாக ஒரு விமர்சனம் வைத்தார்.

திசு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது. சொந்தக்காரர் திசுவை நாம் தொடக்கூடாது, அது விதி. குப்பியின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் இந்த மாதம் வந்த ஒரே மணிக்கட்டு இதுதான், யாருக்குத் தெரியாது? எங்கள் தலைவி நேராக என் மேஜைக்கு வந்தார். முன்னால் மேடம், பின்னால் பெரியம்மா என்று நாங்கள் சொல்கிறவர்.

"நீ கிட்ட வராதே. நானே பண்றேன்."

"நீங்களா மேடம்?"

"ஏன், எனக்குக் கை இல்லையா? உன் வீட்டுக்காரர். வேற யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசு வரல."

பல வருஷங்களாகப் பெரியம்மா ஹூட்டில், செல்களைக் கையாளுகிற அந்தக் கண்ணாடிக் கூண்டின் முன்னால், உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பழைய கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டார். வயிற்றில் பட்டன் சேரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அசட்டுத்தனம்தான்.

மார்ச் 1

செல்கள் நன்றாக வளர்கின்றன என்று பெரியம்மா நடைவழியில் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த இன்குபேட்டர் பக்கமே போவதில்லை. போனால் கதவைத் திறந்துவிடுவேன்.

மார்ச் 9

முடிவு வந்துவிட்டது. கொக்கி குறைவு. மிகவும் குறைவு! வாசல்காரர்கள் வேலைதான். நல்ல ஊசி இருக்கிறதே, அந்த வகை.

பெரியம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தித் தாளைக் காட்டினார். வீட்டுக்கு வந்து வாசலிலேயே, செருப்பைக் கழற்றாமல், அவரிடம் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை முதல் ஊசி. வாலு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவர் உடனே தலைமையாசிரியைக்குச் செய்தி அனுப்பிவிட்டார், வகுப்பை விடப்போவதில்லை என்று. கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொன்னது அவருக்குக் காதில் விழாது. இது எங்கள் வீட்டுப் பழைய ஜோக். இன்று அவரே சொல்லிச் சிரித்தார்.

மார்ச் 10

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மதியம் பெரியம்மா டீயோடு என் மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல உற்சாகம். "உன் செல்லுங்க தட்டை விட்டு வரவே வராது, அடம்பிடிக்கும்னு புலம்புவியே. உன் வீட்டுக்காரர் செல்லு சமத்து. ரெண்டு தடவை கழுவினேன், நொதியை ஊத்தினேன். கொஞ்ச நேரத்துல எல்லாம் தானா கழண்டு வந்துடுச்சு. என் கை இன்னும் போகல, பாத்தியா."

நானும் சிரித்தேன். டீயைக் குடித்தேன். கோப்பையைக் கழுவும்போதுதான் உறைத்தது.

இந்தச் செல்கள் சமத்தாகக் கழன்று வராது. நாங்கள் செய்கிற முறையில் வரவே வராது. தட்டில் ஒட்டி வளர்கிற செல்களைப் பிரித்தெடுக்க ஒரு நொதியை ஊற்றுவோம். அது புரதத்தை வெட்டுகிற நொதி. கால்சியம் இருக்கும்வரை கொக்கிப் புரதம் விறைப்பாக நிற்கும், நொதியின் பல் அதில் இறங்காது. கால்சியம் இல்லாவிட்டால் கொக்கி தொய்ந்துவிடும், நொதி அதையும் வெட்டிவிடும். அதனால் எங்கள் கூடத்தில் கழுவுகிற நீரிலும் நொதியிலும் கால்சியம் சேர்த்து, நொதியையும் கொஞ்சமாக விட்டு, நயமாகப் பேசிப் பேசித்தான் பிரிப்போம். பாதி நாள் போய்விடும். பெரியம்மா ஹூட்டில் உட்கார்ந்த காலத்தில் அவர் வேறு செல்களை வைத்து வேறு வேலை செய்தார். அங்கே கொக்கி முக்கியமில்லை. கால்சியத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டு ஒரே ஊற்றாக ஊற்றிப் பிரிப்பார்கள்.

அப்படிச் செய்திருந்தால் செல்கள் மொட்டையாகத்தான் வந்திருக்கும். மொட்டைத் தலையில் முடி எண்ணி, முடி குறைவு என்று எழுதியிருக்கிறோமா?

மார்ச் 11

ஒருவேளை கால்சியம் சேர்த்திருக்கலாம். ஒருவேளை நிஜமாகவே கொக்கி குறைவாக இருக்கலாம். எனக்கு எப்போதுமே நல்லது நடந்தால் சந்தேகம்.

இல்லை. தானா கழண்டு வந்ததாம்.

எப்படிச் சொல்வது பெரியம்மாவிடம்? பட்டன் சேராத கோட்டைப் போட்டுக்கொண்டு எனக்காக உட்கார்ந்தவர். வேறு யாராவது செய்திருந்தால் நேற்றே கேட்டிருப்பேன், சத்தமாகவே கேட்டிருப்பேன். சொல்லாமல் விட்டால்? திங்கட்கிழமை ஊசி. அரை வருஷம். வாத்தியார் விரல்... ஐயோ, இதை ஏன் யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் நான்.

சாயங்காலம் வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார். "நேரா சொல்லு. சைகையில சுத்தி வளைச்சா தோள்தான் வலிக்கும்."

சொன்னேன். நல்ல செய்தி பொய்யாக இருக்கலாம் என்று சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவங்க என் மேல இருக்கிற பிரியத்துல பண்ணினாங்க. அதனால மெதுவா சொல்லு. ஆனா நாளைக்கே சொல்லு."

மார்ச் 12

சொல்லிவிட்டேன்.

கதவைத் தட்டி உள்ளே போனேன். பெரியம்மா நிமிர்ந்து பார்த்து, "என்ன, ஸ்வீட் எங்கே?" என்றார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. "மேடம், கழுவின தண்ணியில கால்சியம் சேர்த்தீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "கால்சியம்," என்றார். திரும்பவும் ஒரு முறை அதையே தனக்குள் சொல்லிக்கொண்டார். முகம் அப்படியே வெளுத்துப்போனது. நான் ஏதேதோ சொன்னேன், யாருக்கும் வரும், நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் என்று.

"சும்மா இரு. என் ஸ்டூடண்ட் இதைப் பண்ணியிருந்தா இந்நேரம் தொலைச்சுக் கட்டியிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "உன் வீட்டுக்காரர்னு ஆசையா உக்காந்தேன். ஆசையில மூளை வேலை செய்யல."

பிறகு என் முன்னாலேயே டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "திங்கக்கிழமை ஊசி போடாதீங்க. சோதனையில தப்பு நடந்திருக்கு. தப்பு என்னோடது," என்றார். வேறு எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. வைத்துவிட்டு எழுந்து, "ஒரு தட்டு தொடாம வெச்சிருக்கேன். வா," என்றார்.

தொடக்கூடாது என்பதால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பெரியம்மா ஹூட்டில். "இப்ப ஊத்தட்டுமா?" "இன்னும் கொஞ்சம் கம்மியா மேடம்." "இப்ப?" "பொறுங்க, தட்டை லேசா சாய்ச்சு மட்டும் பாருங்க." செல்கள் வழக்கம்போல அடம் பிடித்தன. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாதியில் பெரியம்மா திரும்பிப் பார்த்து, "தினமும் இப்படித்தான் கெஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பியா?" என்றார். ஆமாம் என்றேன். "உன் சம்பளத்தை ஏத்தணும்," என்றார். கொஞ்சம் சிரிப்பும் வந்தது இரண்டு பேருக்கும்.

மார்ச் 16

கொக்கி ஏராளம். செல்லுக்குச் செல் மொய்த்துக் கிடக்கிறது. உள்ளாள்தான்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே விரல்களைக் கொக்கி மாதிரி மாட்டிக் காட்டி, நிறைய என்றார். தலையாட்டினேன்.

"அப்ப ஊசி கிடையாது. அந்த மெதுவான மாத்திரை."

"ஆமா."

"கேட்குமா?"

"தெரியல. கேட்கலாம்." அவரிடம் பொய் சொல்ல முடியாது, கை நடுங்கினால் தெரிந்துவிடும்.

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பிடித்தால் விடாதே என்று அவர் செல்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், உன்னைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஆச்சே, வேறு யார் என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவரும்.

மார்ச் 20

மாத்திரை ஆரம்பம். தலைமையாசிரியைக்கு மறுபடியும் செய்தி போனது, ஜூலைக்குள் முடிவு சொல்கிறேன் என்று. இந்த முறை நான் சொல்லாமலே பொறுத்தார்.

ஏப்ரல் 28

ஒன்றும் தெரியவில்லை. காலையில் கை பிரிய ஒரு யுகம் ஆகிறது. பத்து மணி வரை வீட்டில் பேச்சில்லை. வாலு தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

பெரியம்மா தினமும் கேட்கிறார். "இன்னிக்கு எப்படி?" நான் "அப்படியேதான் மேடம்" என்கிறேன். அவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். நாளைக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் அவருக்கு.

மே 17

சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மே 30

இன்றைக்கு நிஜமாகவே சண்டை. மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்றார். அலுவலக வேலையே போதும், அங்கே கை வலித்தால் யாருக்கும் கஷ்டமில்லை என்றார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நீங்க பேசலைன்னா எனக்கு வீட்டுல யார் இருக்காங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவருக்கு வலி. நான் என் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் எழுந்துபோய் மாத்திரையை எடுத்து, என் கண் முன்னால் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி.

ஜூன் 14

குறுக்கே பேசினார்!

வாலு எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் முடிப்பதற்குள் அவர் கை நடுவில் புகுந்து, இல்லை இல்லை, அவளுக்கு அது ஒத்துவராது என்று சரசரவென்று போனது. என் பேச்சில் அவர் குறுக்கே வந்து எத்தனை மாதம். நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். வாலுவும் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. சொன்னால் திருஷ்டி பட்டுவிடுமோ என்று பயம், ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிற எனக்கு.

அவளுக்கு அந்தப் படிப்பு நன்றாகவே ஒத்துவரும். அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 2

பட்டனைத் தானே போட்டுக்கொண்டு, முதல் வகுப்பு எடுக்கப் போனார். புதுப் பிள்ளைகள், இந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்தவர்கள். எண்கள்கூட இனிமேல்தான்.

பெரியம்மாவிடம் சொன்னேன். "சரி, வேலையைப் பாரு," என்று திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் அறைக்குள்ளிருந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

செப்டம்பர் 21

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். வீக்கம் வடிந்துவிட்டது. ஸ்கேனில் சவ்வு மெலிந்து, சவ்வாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் மிச்சம். வலது கை மோதிர விரலின் நடு மூட்டில் குருத்தெலும்பு முன்பே போய்விட்டது. அந்த விரல் இனி நீளாது. பாதி மடங்கியபடியேதான் இருக்கும்.

முதலிலேயே நல்ல மருந்து போயிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. டாக்டருக்கும் தெரியாது.

வாத்தியார் அந்த விரலைப் பார்த்துவிட்டு, "மத்ததெல்லாம் பேசுது இல்ல, ஒருத்தன் சும்மா உக்காரட்டும்," என்றார்.

நவம்பர் 22

பள்ளியில் வீட்டார் வந்து வகுப்பைப் பார்க்கிற நாள். நானும் வாலுவும் போனோம். பெரியம்மாவும் வந்தார், நான் கூப்பிடாமலே. கடைசி வரிசையில் குட்டி நாற்காலிகளில் மூன்று பேரும் முழங்கால் மூக்கைத் தொட உட்கார்ந்திருந்தோம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரும்பலகைக்கு வந்து கூட்டல் கணக்கு சொன்னார்கள். முதலில் ஒரு பெண். இரண்டும் மூன்றும் ஐந்து என்று கையை விரித்துக் காட்டினாள். அவள் மோதிர விரல் பாதி மடங்கியிருந்தது. பாவம், விரலில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்து வந்த பையனும் ஐந்து என்றான். அவனுக்கும் மோதிர விரல் மடங்கியிருந்தது. அதற்கு அடுத்தவளுக்கும். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் விரித்த கையில் அந்த ஒரு விரலை மடக்கிக்கொண்டு பேசுகிறார்கள். கை விரிகிற ஒவ்வொரு சொல்லிலும்.

வாலு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மாவுக்குச் சைகை தெரியாது. காதில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை குனிந்து மெல்லக் கேட்டார். "நானும் கவனிச்சேன். சொல்லித் திருத்திடலாமா? மேல் வகுப்புக்குப் போனா மத்தவங்க கேலி பண்ணுவாங்க."

"அவரையே கேளுங்க," என்றேன்.

அவருக்குத் தெரியவே தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். நம்பவில்லை. தன் கையை விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எந்தப் பிள்ளை எப்படிச் சொன்னது, முதலில் யார் ஆரம்பித்திருப்பார்கள், அந்தக் கடைசி பெஞ்சுப் பையன்தான் எல்லாவற்றையும் காப்பியடிப்பவன் என்று ஆரம்பித்தவர், வீடு வரும்வரை நிறுத்தவில்லை. இரண்டு கையும் தோளுக்கு மேலே. பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு ஒன்றுக்கு இரண்டு முறை இடி. நான்தான் வழி நெடுக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.